சிவப்பு மூடி, நீல மூடி

எங்கள் ஆராய்ச்சிக்கூடத்து வாசலில், செக்யூரிட்டி மேசையின் மேல், பச்சை அட்டை போட்ட நீளமான ஒரு நோட்டு கிடக்கும். வெளியாட்கள் வந்தால் எழுதிவிட்டு உள்ளே போவதற்கான நோட்டு. பெயர், ஊர், யாரைப் பார்க்க வேண்டும், எதற்காக என்று நான்கு கட்டங்கள். நான் சேர்ந்த முதல் நாள், அடையாள அட்டை இன்னும் கைக்கு வராததால், அதில் எழுதிவிட்டுத்தான் உள்ளே போனேன். எனக்கு முந்தின வரியில் கோழிக்கிறுக்கலாக ஒரு கையெழுத்து. ஊர் பாரிவாக்கம். யாரைப் பார்க்க என்ற கட்டத்தில் எங்கள் கூடத்துத் தலைவியான மேடத்தின் பெயர். எதற்காக என்ற கட்டத்தில் ‘வேலைக்கு’. யாரோ பாவம் வேலை கேட்டு வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாளும் அதே கையெழுத்து, அதே ‘வேலைக்கு’. அதற்கு மறுநாளும். விசாரித்த பிறகுதான் தெரிந்தது, அந்த மனிதர் ஆறு வருஷமாக அங்கேயேதான் வேலை பார்க்கிறார். ஒப்பந்த ஆள் என்பதால் அட்டை கிடையாது. தினமும் வெளியாளாக எழுதிவிட்டுத்தான் வர வேண்டும்.

அவரை நாங்கள் எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். பூந்தமல்லியைத் தாண்டி உள்ளே போகும் சாலையில் ஒரு அறக்கட்டளை நடத்திய சின்ன ஆராய்ச்சிக்கூடம் அது. கண்ணாடிச் சாமான்களைக் கழுவுவது, ஆட்டோகிளேவ் என்கிற பெரிய பிரஷர் குக்கரில் வைத்துக் கிருமி நீக்குவது, ஈஸ்ட் வளர்வதற்கான உணவைக் காய்ச்சித் தட்டுகளில் ஊற்றுவது, இதெல்லாம் அவர் வேலை. எட்டாவது வரை படித்தவர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவராக இருப்பார். நான் ஆவடியில் தளவாடத் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆளே நான்தான், அதனால் ஆராய்ச்சி மாணவி என்ற பெயர் கிடைத்ததும் தலைகால் புரியவில்லை. முதல் வாரம் அண்ணனிடம் “இதை நல்லா கழுவுங்க” என்று அதிகாரமாகக் குடுவையை நீட்டினேன். அவர் வாங்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, “கழுவுனதுதாம்மா இது. நீதான் கை வெச்சி அழுக்காக்கிகினு வந்துகீற” என்றார். அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் கன்றிப்போயிற்று. அன்றைக்கே எங்களுக்குள் ஒட்டிக்கொண்டது.

என் ஆராய்ச்சி ஈஸ்ட் பற்றியது. ரொட்டியை உப்ப வைக்கிற அந்தச் சின்ன உயிர்தான் என் பிழைப்பு. அதன் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் டி.என்.ஏ. என்கிற நீளமான இழை. அந்த இழை சும்மா கிடப்பதில்லை, ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகளில் நூல்கண்டு மாதிரி சுற்றிக்கொண்டிருக்கும். ஹிஸ்டோன்களுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வால்கள் உண்டு. சில நொதிகள் அந்த வாலில் அசிட்டைல் என்ற குட்டி ரசாயன ஒட்டை ஒட்டிவிடும். ஒட்டினால் சுற்று தளரும், அங்கே உள்ள மரபணு வேலை செய்யும். வேறு சில நொதிகள் அந்த ஒட்டை உரித்துவிடும். உரித்தால் சுற்று இறுகும், மரபணு அங்கேயே இருந்தும் இல்லாத மாதிரி கிடக்கும். எந்த நொதி எங்கே ஒட்டுகிறது, எது எங்கே உரிக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் எங்கள் கூடத்தில் ஐந்தாறு பேர் தலையை உடைத்துக்கொண்டிருந்தோம்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருந்தது. ஈஸ்டுக்கு அடினைன் என்ற பொருளைத் தயாரித்துக்கொள்ள ஒரு மரபணு வேண்டும். அது வேலை செய்தால் ஈஸ்ட் வெள்ளையாக வளரும். வேலை செய்யாவிட்டால் பாதி வழியில் நின்ற சரக்கு செல்லுக்குள் தேங்கிச் சிவப்பாகிவிடும். அந்த மரபணுவை எடுத்து, உரிக்கும் நொதிகள் மும்முரமாக இருக்கிற குரோமோசோம் ஓரத்தில் கொண்டுபோய் வைத்தோம். ஒரே ஒரு செல்லை உணவுத் தட்டில் விட்டால் மூன்று நான்கு நாளில் லட்சக்கணக்காகப் பெருகி ஒரு பொட்டு அளவு தெரியும், அதைக் காலனி என்போம். எங்கள் தட்டில் அந்தப் பொட்டுகள் முழுச் சிவப்பாகவும் இருக்காது, முழு வெள்ளையாகவும் இருக்காது. தர்ப்பூசணித் துண்டு போட்ட மாதிரி ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் வெள்ளை. ஒரு தாய் செல்லில் சுற்று இறுகிவிட்டால் அதன் பிள்ளைகளிலும் பேரப்பிள்ளைகளிலும் இறுகியே இருக்கும், எப்போதாவது ஒன்று தளர்ந்துகொள்ளும், அங்கிருந்து வெள்ளை.

ஒருநாள் அண்ணன் அந்தத் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார். “இன்னாமா இது, ஒரே பொட்டு, ஒரே குடும்பம்ன்ற. அப்பால எப்டி பாதி சேப்பு பாதி வெள்ள?” நான் ஹிஸ்டோன், வால், ஒட்டு, உரிப்பு என்று கை ஆட்டி ஆட்டி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில், “அட, நம்ம ஆபீஸ் ஃபைலு மாதிரின்னு சொல்லேன். உள்ள எல்லாம் எழுதிகீது. கயிறு போட்டு இறுக்கிக் கட்டி மேல ஏத்திட்டா எவன் படிக்கப் போறான்? என் பர்மனென்ட் ஃபைலு அப்டித்தான் மூணு வருசமா கட்டிக் கெடக்குது” என்றார். பிற்பாடு நான் எத்தனையோ வகுப்புகளில் இந்த விஷயத்தை விளக்கியிருக்கிறேன். அதைவிட நல்ல விளக்கம் எனக்கு அமையவில்லை. மாணவர்களிடம் அவர் சொன்னது என்று மட்டும் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

பர்மனென்ட் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. பெரிய ஆசை என்று சொல்ல முடியாது. பர்மனென்ட் ஆனால் கழுத்தில் போட்டோ போட்ட அட்டை தொங்கும், வாசலில் எழுத வேண்டாம், அவ்வளவுதான் என்று சிரிப்பார். ஆனால் அது அவ்வளவு மட்டும் இல்லை. அவர் வீட்டுக்காரம்மாவுக்கு மூட்டுவாதம். விரல்கள் மடங்கிப்போய்க்கொண்டிருந்தன. பர்மனென்ட் ஆட்களின் குடும்பத்துக்கு மருத்துவ அட்டை உண்டு. அதை அவர் என்னிடம் ஒரே ஒரு தடவை, வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கும்போது சொன்னார். நான் அங்கே சேர்ந்து மூன்றாவது வருஷம், அவர் ஃபைலைக் கயிறு அவிழ்த்துவிட்டார்கள் என்று ஆபீஸ் பக்கமிருந்து செய்தி வந்தது. ஜூன் மாதம் ஆர்டர் வரும், மேடம் ஒரு பரிந்துரைக் கடிதம் கொடுத்தால் போதும். அன்றைக்கு எல்லோருக்கும் மசால் வடை வாங்கி வந்தார்.

இனி அந்த மூடிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிவப்பு வெள்ளைச் சோதனைக்கு ஒரு சூட்சுமம் உண்டு. தட்டின் உணவில் அடினைனைக் கொஞ்சமாகத்தான் கலக்க வேண்டும். தாராளமாகக் கலந்துவிட்டால், வெளியிலிருந்தே கிடைக்கிறதே என்று ஈஸ்ட் சொந்தத் தயாரிப்பையே நிறுத்திவிடும். சரக்கு தேங்காது, சிவப்பே வராது. மரபணு இறுகியிருந்தாலும் தளர்ந்திருந்தாலும் எல்லாம் வெள்ளையாகத்தான் தெரியும். அதனால் எங்கள் ஃபிரிட்ஜில் அடினைன் இரண்டு பாட்டில். ஒன்று நீர்த்தது, சோதனைத் தட்டுகளுக்கு. இன்னொன்று பத்து மடங்கு கெட்டி, சாதாரண வளர்ப்புக்கு. இரண்டும் தண்ணீர் மாதிரியே இருக்கும். குழப்பம் வராமல் இருக்க அண்ணன்தான் வழி கண்டுபிடித்திருந்தார். நீர்த்ததன் மூடியில் சிவப்பு டேப், கெட்டியின் மூடியில் நீல டேப். “சேப்பு வரணும்னா சேப்பு மூடி. அவ்ளோதான் கணக்கு” என்பார். பாட்டிலின் உடம்பில் பெயரும் தேதியும் மட்டும் எழுதுவோம். எது எது என்பதற்கு மூடிதான் சாட்சி. அது எவ்வளவு மோசமான பழக்கம் என்று இன்றைக்கு என் மாணவர்களுக்குச் சொல்கிறேன். அன்றைக்குவரை மூன்று வருஷமாக ஒரு தவறும் நடக்கவில்லை.

அந்த வருஷம் ஏப்ரல் மாதம் என் பெரியப்பா மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போக வேண்டியிருந்தது. மதியமே கிளம்பினால்தான் எழும்பூரில் ரயிலைப் பிடிக்க முடியும். இரண்டு பாட்டிலும் காலியாக இருந்தன. அண்ணன் மறுநாள் சோதனைத் தட்டு ஊற்ற வேண்டும் என்பதால் அடினைன் கரைத்து வைத்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே செய்த வேலை. மூடிகள் இரண்டையும் மேசையில் மல்லாத்தி வைத்திருந்தேன், டேப் ஒட்டிய பக்கம் கீழே. நிரப்பினேன், கையில் கிடைத்த மூடியைக் கிடைத்த பாட்டிலில் திருகினேன், ஃபிரிட்ஜில் வைத்தேன், பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவ்வளவுதான். கெட்டியின் மேல் சிவப்பு மூடி. நீர்த்ததன் மேல் நீல மூடி.

நான் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அண்ணன் சிவப்பு மூடிப் பாட்டிலை எடுத்து, எப்போதும்போல் சரியாக அளந்து, ஒரு மாதத்துக்குப் போதுமான தட்டுகளை ஊற்றி அடுக்கி வைத்திருந்தார்.

திரும்பி வந்து அந்தத் தட்டுகளில் என் புது ஈஸ்டை விட்டேன். அதில் ஒரு நொதியின் மரபணுவை நீக்கியிருந்தேன். அந்த நொதி ஹிஸ்டோன் வாலிலிருந்து ஒட்டை உரிக்கும் வகை, ஆனால் குரோமோசோம் ஓரத்தில் அதற்கு வேலை இருக்கிறதா என்பது எங்களுக்குத் தெரியாது. நான்கு நாள் கழித்துத் தட்டைத் திறந்தால் எல்லாம் வெள்ளை. ஒரு துளி சிவப்பு இல்லை. உரிக்க ஆள் இல்லாததால் சுற்று தளர்ந்துவிட்டது, அப்படியென்றால் இந்த நொதிதான் அந்த இடத்தை இறுக்கி வைத்திருக்கிறது! மேடத்தைக் கூட்டி வந்து காட்டினேன். மேடம் சாதாரணமாக யாரையும் தொட்டுப் பேசமாட்டார், அன்றைக்கு என் தோளில் கை போட்டார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான சாதாரண ஈஸ்டை நான் முந்தின மாதத்துப் பழைய தட்டுகளில் ஏற்கனவே வளர்த்து வைத்திருந்தேன். அதில் சிவப்பும் வெள்ளையும் அழகாகத் தெரிந்தது. இரண்டையும் ஒரே தட்டுகளில் மறுபடி வளர்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும். அண்ணன் மட்டும் தட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “இவ்ளோ வெள்ளையாவாம்மா கீது? ஒண்ணு ரெண்டுகூட தப்பிக்காதா?” என்றார். “அதுதாண்ணா கண்டுபிடிப்பே!” என்று நான் சிரித்தேன்.

அந்தத் தட்டுகளின் படத்தோடு மேடம் என்னையும் கூட்டிக்கொண்டு மதிப்பீட்டுக் குழுவின் முன்னால் போய் நின்றார். அடுத்த மூன்று வருஷத்துக்கு எங்கள் கூடத்துக்கு உதவி தொடருமா என்று முடிவு செய்கிற குழு. என் உதவித்தொகையும் அதில்தான் இருந்தது. குழுவில் இருந்த ஒரு வயதான பெண்மணி படத்தைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “இரண்டும் ஒரே நாளில் ஊற்றிய தட்டுகளா?” மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அத்தோடு முடிந்தது, முடிவைத் தள்ளிவைத்துவிட்டார்கள். மறுநாள் மேடம் சாதாரண ஈஸ்டையும் அந்தப் புதுத் தட்டுகளில் விடச் சொன்னார். நான்கு நாளில் அதுவும் பால் வெள்ளை.

தட்டில்தான் கோளாறு என்று தெரிந்துவிட்டது. “நீயே உன் கையால புதுசா மீடியா காய்ச்சித் தட்டு ஊத்து” என்றார் மேடம். ஃபிரிட்ஜைத் திறந்து சிவப்பு மூடிப் பாட்டிலை எடுத்தேன். கெட்டிக் கரைசல் சில வாரம் குளிரில் கிடந்தால் அடியில் வெண்மணலாகப் படியும். என் கையில் இருந்த சிவப்பு மூடிப் பாட்டிலின் அடியில் வெண்மணல். நீல மூடிப் பாட்டிலை எடுத்துப் பார்த்தேன், தெளிவாக இருந்தது. எனக்குப் புரிய ஒரு நொடிகூட ஆகவில்லை. காலை பதினொரு மணி. அறையில் யாரும் இல்லை. அண்ணன் பின்கட்டில் குழாயடியில் குடுவை கழுவிக்கொண்டிருந்தார், தண்ணீர்ச் சத்தம் கேட்டது. நான் இரண்டு மூடிகளையும் கழற்றினேன். மாற்றித் திருகினேன். உள்ளே வைத்து ஃபிரிட்ஜை மூடினேன். பயத்தில் செய்தேன், யோசிக்காமல் செய்தேன் என்றெல்லாம் பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். யோசித்துத்தான் செய்தேன். செய்யும்போதே அது யார் தலையில் விழும் என்று எனக்குத் தெரியும்.

புதிதாக ஊற்றிய தட்டுகளில் இரண்டு ஈஸ்டிலும் சிவப்பு வந்தது. என் நொதிக்கு அந்த இடத்தில் ஒரு வேலையும் இல்லை. மேடம் எங்கள் இரண்டு பேரையும் ஃபிரிட்ஜ் முன்னால் நிற்க வைத்தார். மூடிகளைப் பார்த்தார். பாட்டிலை ஆட்டி அடியில் படிந்ததைப் பார்த்தார். நீல மூடியில் கெட்டி, சிவப்பு மூடியில் நீர்த்தது. எல்லாம் அதனதன் இடத்தில்.

“ஏப்ரல்ல யார் ஊத்தினது?”

“நான்தான் மேடம்” என்றார் அண்ணன்.

“எந்த பாட்டில்?”

“சேப்பு மூடிதான் மேடம்.”

“சிவப்பு மூடில இருந்து ஊத்தியிருந்தா இப்படி ஆகுமா? நீங்களே பாருங்க.”

அண்ணன் குனிந்து இரண்டு பாட்டிலையும் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் இன்றைக்கும் கண்ணை மூடினால் பார்க்க முடியும். “சேப்பு மூடிதான் எடுத்தேன் மேடம்” என்றார் மறுபடியும். கொஞ்சம் நிறுத்தி, “எடுத்தேன்னுதான் நெனச்சேன்” என்றார். நான் என் செருப்பு வாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வாக்கியம் போதும். நான்தான் மூடியை மாற்றிப் போட்டுவிட்டேன் மேடம். சொல்லியிருந்தால் மேடம் கத்தியிருப்பார், என் உதவித்தொகை நின்றிருக்கலாம், அப்பா முகத்தில் எப்படி விழிப்பேன் என்று திண்டாடியிருப்பேன். ஆனால் அவருக்கு எதுவும் ஆகியிருக்காது. அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. அவருக்கு ஒன்றுமே ஆகியிருக்காது.

பரிந்துரைக் கடிதத்தை மேடம் கொடுக்கவில்லை. ஜூனில் ஒப்பந்தமும் புதுப்பிக்கப்படவில்லை. கவனக்குறைவு என்று ஒற்றை வார்த்தை எழுதினார்களாம். கடைசி நாள் அண்ணன் தன் டிபன் பாக்ஸையும், குழாயடியில் போட்டுக்கொள்ளும் ரப்பர் செருப்பையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு என் மேசைக்கு வந்தார். “வரேன்மா. நீ நல்லா படி” என்றார். நான் எழுந்து நின்றேன். தலையை மட்டும் ஆட்டினேன். அவர் போனபிறகு கழிவறைக்குப் போய் அழுதேன். அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடி தட்டு எண்ண உட்கார்ந்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

குழு பிறகு உதவியைத் தொடர்ந்தது, நான் பட்டம் வாங்கினேன். அந்த நொதிக்கு அந்த இடத்தில் வேலை இல்லை என்பது என் ஆய்வேட்டில் எட்டுப் பக்கம். திருமணம் ஆயிற்று. வானகரம் பக்கம் ஒரு கல்லூரியில் வேலை கிடைத்தது, அங்கேயே ஃபிளாட் வாங்கிக் குடிவந்தோம். பாரிவாக்கம் அங்கிருந்து கூப்பிடு தூரம். பைக்கில் போனால் கால் மணி நேரம். பதிமூன்று வருஷம் போகவில்லை. போகாமல் இருப்பதற்கு ஒரு நல்ல காரணம் வைத்திருந்தேன். அவருக்குத் தெரியும். இதுதான் என் காரணம். ஃபிரிட்ஜ் முன்னால் என்னைப் பார்த்த அந்தப் பார்வையில் அவர் கண்டுபிடித்துவிட்டார். அவ்வளவு கூர்மையான கண் அவருக்கு. தெரிந்தும் என் படிப்பு கெட்டுவிடக்கூடாது என்று விட்டுக்கொடுத்துவிட்டுப் போனார். அதனால்தான் ‘நல்லா படி’ என்றார். இப்படி ஒரு பெரிய மனிதரை என் மனதுக்குள் கட்டி வைத்துக்கொண்டேன். அவர் பெரிய மனிதராக இருக்க இருக்க எனக்குத் தூக்கம் நன்றாக வந்தது. வெட்கக்கேடு.

போன மாதம் செய்முறை வகுப்பில் முப்பது பேரின் தட்டிலும் எதுவும் வளரவில்லை. நான் காரணம் தேடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண் எழுந்து நின்றாள். “மேம், உப்பு நான் ரெண்டு வாட்டி போட்டுட்டேன் மேம். எண்ணிக்கை விட்டுப்போச்சு. சாரி மேம், நான்தான்” என்றாள். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். பக்கத்தில் இருந்தவர்கள் அவளைக் கிண்டல் செய்தார்கள், அவளும் சிரித்தாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை பாரிவாக்கம் போனேன்.

வயலாக இருந்ததாக அவர் சொன்ன இடமெல்லாம் ஃபிளாட்டும் மனைக் கல்லுமாக இருந்தது. ஏரிக்கரைப் பக்கம் ஒரு மளிகைக் கடையில் விசாரித்தேன். கடைக்காரர், “லேப்ல வேலை பாத்தாரே அவரா?” என்று நிமிர்ந்தார். “அவரு பூட்டாரேம்மா. போன பொங்கலுக்கு மின்ன. நெஞ்சு வலி. சம்சாரம் கீறாங்க, தோ அந்த நீலக் கதவு ஊடு.”

வீட்டுக்காரம்மா வாசலிலேயே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கை விரல்கள் முழுசாக மடங்கிப்போயிருந்தன. நான் யார் என்று சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. “ஆவடிப் பொண்ணு! நீதானாமா அது? உள்ள வா, உள்ள வந்து குந்து” என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார். பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு டீ போடச் சொன்னார். நான் உட்காரும் முன்பே கேட்டார்: “உன் படிப்பு முடிஞ்சிதாமா? டாக்டர் பட்டம் குட்த்தாங்களா?”

முடிந்தது என்றேன்.

“அப்பாடா!” என்று மார்பில் கை வைத்துக்கொண்டார். “இந்த ஒரு சேதி தெரியாமயே பூட்டாரு மனுசன். அந்தப் பொண்ணு ராத்திரி பகலா கஷ்டப்பட்டுச்சி, நான் பாட்டில மாத்தி ஊத்தி அது வேலையே நாசம் பண்ணிட்டேன், அது படிப்பு இன்னா ஆச்சோன்னு சொல்லிகினே இருப்பாரு. உன்னாண்ட மன்னிப்பு கேக்கணும்னு ரெண்டு வாட்டி அந்த கேட்டாண்ட வரிக்கும் வந்தாராம். உள்ள வர மூஞ்சி இல்லன்னு திரும்பிட்டாராம்.”

அண்ணனுக்குத் தெரியவே தெரியாது. அன்றைக்கு அவர் என்னைப் பார்த்தது என்னைக் கண்டுபிடித்ததால் இல்லை. என் உழைப்பைக் கெடுத்துவிட்டோமே என்று பார்த்திருக்கிறார். பதிமூன்று வருஷம் நான் என் வசதிக்கு வளர்த்த கதை, அந்த ஒரு நிமிஷத்தில் ஒன்றுமில்லாமல் போயிற்று.

அந்த அம்மா பேசிக்கொண்டே போனார். “அப்பால தண்ணி கேன் கம்பெனில கேன் கழுவுற வேலதான். அங்கயும் ஒழுங்கா இருக்க முடில. ஒரு கேன எட்த்தா மூணு வாட்டி பாப்பாராம், இது கழுவுனதா கழுவாததான்னு. ஊட்லயும் அதே பேஜாருதான். என் மாத்திரய வாங்கியாந்து என்னாண்ட காட்டுவாரு, இதானே, இதானேன்னு. கடைக்கு சோப்பு வாங்கப் போனா பாதி வழில திரும்பி வந்து, இன்னா கலர் கவரு சொன்னேன்னு கேப்பாரு. பச்சய்யான்னு சொல்லி அனுப்புனா, கடைல நின்னுகினு, இது பச்சதானேப்பான்னு அந்த ஆள கேப்பாராம். புள்ளைங்க சிரிக்கும். எனக்கே செல சமயம் கோவம் வரும். என் கண்ண என்னாலயே நம்ப முடிலடீன்னு சொல்லுவாரு.”

வெளிச்சத்தில் தட்டைத் தூக்கிப் பிடித்து, எங்கள் எல்லோருக்கும் முன்னால், இவ்வளவு வெள்ளையாகவா என்று கேட்ட ஒரே மனிதர் அவர். அந்தக் கண்ணைத்தான் நான் பிடுங்கி வைத்துக்கொண்டேன்.

டீ வந்தது. வாங்கிக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். மூடிகளை மல்லாத்தி வைத்தது, மாற்றித் திருகியது, அவர் சிவப்பு மூடியைத்தான் எடுத்தார் என்பது, குழாயடியில் தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போது நான் மறுபடி மாற்றியது, எதையும் விடாமல் சொன்னேன். “அவர் மேல ஒரு தப்பும் இல்லம்மா. அவர் சரியாதான் எடுத்தார். எல்லாம் நான்தான்” என்றேன். இதை உரக்கச் சொல்லி என் வாழ்நாளில் அதுவே முதல் தடவை.

அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டுவார், வெளியே போ என்பார் என்று எதிர்பார்த்தேன். அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தேன், சொல்லப்போனால் அதற்காகத்தான் வந்திருந்தேன். அவர் மடங்கிய விரல்களை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் மாட்டியிருந்த போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

பிறகு அந்த அம்மா என்னைப் பார்க்காமலே, கோபம் துளியும் இல்லாத குரலில் சொன்னார்.

“இத்த அவரு உசுரோட இருக்கறப்பவே வந்து சொல்லி இருந்தீன்னா, ஒரு நாளாவது நிம்மதியா கடைக்குப் போயிட்டு வந்திருப்பாரேம்மா.”